பேரேட்டில் ஏறாத எடை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2 கிலோ 300 கிராம் கரியமில வாயு வெளியே வரும் என்று பேத்தி சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் கேட்டிருக்கிறார்கள் என்று திண்ணையில் சார்ட் பேப்பரை விரித்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன எடை இருக்கும் மக்களே?"

"முக்கால் கிலோதான் தாத்தா. தண்ணியவிட லேசு."

"முக்கால் கிலோ சரக்கு உள்ள போயி ரெண்டேகால் கிலோ வெளிய வருமா? எங்கயோ பிசகியிருக்கு. நல்லாப் பாரு."

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு வெங்காய மண்டியில் 38 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். வந்த மூட்டை, போன மூட்டை, அழுகல் கழிவு மூன்றும் ஒத்துப்போகாத சிட்டையை அப்படியே மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த ராத்திரி ஒன்றுகூட நினைவில் இல்லை. அதனால் அன்றைக்கும் விடவில்லை. அவளும் விடவில்லை. பென்சிலை எடுத்துச் சார்ட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள்.

பெட்ரோல் பெரும்பாலும் கரி. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 640 கிராம் கரி இருக்கிறது. எஞ்சினுக்குள் அது எரியும்போது ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கரி அணுவின் எடையை 12 என்று வைத்தால் ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து 32. பன்னிரண்டு உள்ளே போனால் நாற்பத்து நாலு வெளியே வருகிறது. 640 கிராமை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2 கிலோ 300 கிராம் சொச்சம். டீசல் இன்னும் கனம், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ 700 கிராம்.

"மீதி எடை காத்துலேர்ந்து வருது தாத்தா" என்றாள்.

கணக்கு பிசகவில்லை. காற்றின் பேரில் எழுத வேண்டிய பற்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க்கில் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த லிட்டர் மூன்று மடங்கு எடையாகி நம் தலைக்கு மேலே போய் நிற்பதை எந்தப் பில்லும் சொல்வதில்லை. எடையை நம்பிப் பிழைக்கிறவன் நான். அன்று முதல் எனக்கு இதே நினைப்பாகிவிட்டது.

சாலைத் தெருவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கே கோட்டை என்கிற இடத்திலிருந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் நீளும் கடைத்தெரு இது. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறோம். என் அப்பா கோட்டாற்றிலிருந்து வந்தபோது கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பரில்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கும் பல காலம் முன்பு, வடக்கேயிருந்து வரும் சரக்கு பார்வதி புத்தனாறு வழியாக வள்ளங்களில் வந்து வள்ளக்கடவில் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் சாலைக்கு வரும். ராணி பார்வதி பாய் காலத்தில், 1820-களில் வெட்டிய கால்வாய் அது. துடுப்புக்கும் கழிக்கும் டீசல் வேண்டியதில்லை. மாட்டுக்கு வைக்கோல் போதும்.

இன்றைக்கு எல்லாம் லாரி. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, பாவூர்சத்திரத்துத் தக்காளி, தோவாளைப் பூ, நாமக்கல் முட்டை. எங்கள் மண்டிக்கு நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயம். விடியற்காலை மூன்று மணிக்கு ஆரியசாலைப் பக்கம் வந்து நின்று பார்த்தால் தெரியும், கேரளத்தின் தலைநகரம் சாப்பிடுவது பெரும்பாலும் எல்லை தாண்டி வருவது என்று.

அந்த நாசிக் லாரியிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். தூரம் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். 16 டன் ஏற்றிய வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அப்படியானால் 425 லிட்டர் டீசல். அதிலிருந்து எழும் கரியமில வாயு 1,150 கிலோ. ஒரு டன்னுக்கு மேல்! லாரியைப் பார்த்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் சொல்வது சரிதான் என்று முதலில் தோன்றியது. பிறகு, எந்தச் செலவையும் மூட்டைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுப் பார்க்கும் பழக்கத்தில், 1,150-ஐ 16,000 கிலோ வெங்காயத்துக்கும் பிரித்தேன். கிலோவுக்கு 72 கிராம். பாதி இந்தியாவைக் கடந்து வந்த வெங்காயத்தின் தலையில் விழும் பாரம் ஒரு சின்ன வெங்காயத்தின் எடைகூட இல்லாத காற்று... இல்லை, ஒரு நடுத்தர வெங்காயத்தின் எடையளவு காற்று. எடைக்கல்லில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் இதே நகரத்தில் பட்டம் என்கிற பகுதியிலிருந்து ஒருவர் வருவார். பழைய வாடிக்கை, நல்ல மனுஷன். கடைத்தெருவில் வாங்கினால் விலை குறைவு என்று காரை எடுத்துக்கொண்டு தனியாக வருவார். போக வர, நிறுத்த இடம் தேடிச் சுற்ற எல்லாமுமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். நகரத்து நெரிசலில் அந்தக் கார் ஒரு லிட்டரைக் குடித்துவிடும். அஞ்சு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு போவார். அந்த அஞ்சு கிலோ நாசிக்கிலிருந்து இங்கே வர 360 கிராம் வாயு. லாரி திரும்பக் காலியாகவே போனது என்று வைத்து இரட்டித்தாலும் முக்கால் கிலோ தாண்டாது. இங்கிருந்து பட்டம் போய்ச் சேர 2 கிலோ 300 கிராம்.

ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டரைவிட கடைசி ஆறு கிலோமீட்டர் கனம். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மாறவில்லை.

இதுதான் எனக்குப் புரிந்த முதல் பாடம், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கண்ணில் கரியாய்த் தெரிகிற வண்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். ஆயிரம் கிலோ இரும்பை நகர்த்தி எழுபது கிலோ மனிதனைக் கொண்டுபோகிற, புகையே தெரியாத வண்டி நம் வாசலில் நிற்கிறது. கேரளத்தில் பதிவான வாகனங்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டன. ஜனத்தொகை மூன்றரைக் கோடி. குழந்தை குட்டி எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும் இரண்டு பேருக்கு ஒரு வண்டி என்கிற கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

"என் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் முதலாளியே கேட்டார். அதையும் விசாரித்தேன். அந்தச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்குப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் எரியாமல் மிஞ்சிய எரிபொருளும். டீசல் வண்டிக்குப் புகை எவ்வளவு அடர்த்தி என்று. நுரையீரலைக் காப்பாற்ற அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரியமில வாயுவுக்கு அங்கே வரம்பு கிடையாது. இன்னும் சொன்னால், சைலன்சருக்கு முன்னால் பொருத்தியிருக்கும் கன்வெர்ட்டர் செய்கிற வேலைகளில் ஒன்றே விஷமான மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்றி அனுப்புவதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபிறகு புதிய வண்டிகளின் கரிப்புகை வெகுவாகக் குறைந்தது. எரிகிற ஒவ்வொரு லிட்டருக்கும் வரும் 2 கிலோ 300 கிராம் அப்படியேதான் இருக்கிறது. சுத்தமாக எரிந்தாலும் அந்த எடை வந்தே தீரும்.

சரி, வந்தால் என்ன? நாம் மூச்சு விட்டாலும் வருகிற வாயுதானே?

நாங்கள் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். வெங்காயம் உயிருள்ள சரக்கு. மூட்டைக்குள் இருந்துகொண்டே மூச்சு விடும், சூடு விடும். மழைக்காலத்தில் வழியெல்லாம் தார்ப்பாய் இறுகக் கட்டி வந்த லோடை அவிழ்க்கும்போது உள்ளேயிருந்து குப்பென்று ஒரு ஆவி முகத்தில் அடிக்கும். நடு அடுக்கு மூட்டையில் கைவிட்டால் வெந்நீர்ச் சொம்பைத் தொட்டதுபோலிருக்கும். சரக்கு எப்போதும் விடுகிற அதே சூடுதான். போக வழியில்லாததால் ஏறிவிட்டது. பூமிக்கும் ஒரு போர்வை இருக்கிறது. சூரிய வெளிச்சம் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். தரையும் கடலும் சூடாகித் திருப்பி அனுப்புகிற வெப்பத்தைக் கரியமில வாயுவும் மீத்தேனும் நீராவியும் பிடித்துவைத்துப் பாதியைக் கீழே அனுப்பும். தார்ப்பாய் காற்றை அடைக்கிறது, இந்த வாயுக்கள் வெப்பக் கதிரை அடைக்கின்றன, வித்தியாசம் அவ்வளவுதான். இந்தப் போர்வையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரி. போர்வை நல்லதுதான். அதைத் தடிமனாக்கிக்கொண்டே போவதில்தான் கோளாறு. நீராவி எஞ்சின் வருவதற்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1856-லேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் இந்த வாயுவை நிரப்பி வெயிலில் வைத்து, சாதாரணக் காற்றைவிட இது அதிகம் சூடாகிறது, ஆறவும் நேரமாகிறது என்று எழுதி வைத்துவிட்டார். நூற்றெழுபது வருடமாக நமக்குத் தகவல் வந்துகொண்டிருக்கிறது.

வெங்காயம் அழுகினால் அந்த மாதமே கழித்துவிடலாம். வானத்தில் ஏறிய கரியமில வாயுவைக் கழிக்க வழியில்லை. கடலும் மரமும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மீதியில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கேயே நிற்கும். என் அப்பா முதன்முதலில் ஏறிய பஸ்ஸின் புகையிலும் கொஞ்சம் இன்னும் மேலே இருக்கிறது என்று பேத்தி சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வண்டியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் கணக்கு பாதிதான். உலகம் முழுக்க வெளியாகும் இந்த வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு ஆறில் ஒன்று. மீதி எங்கே என்று நம் தெருவிலேயே தேடினேன்.

முதலில் மின்சாரம். நமக்கு இடுக்கி இருக்கிறது, மூலமற்றத்தில் 780 மெகாவாட், தண்ணீரில் ஓடுகிற மின்சாரம் என்று பெருமையாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். 1976-ல் அது ஓடத் தொடங்கியபோது அந்தப் பெருமை உண்மை. இன்றைக்குக் கேரளம் செலவழிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு வெளியிலிருந்து வாங்குவது. அதில் பெரும்பகுதி நிலக்கரி. இந்திய மின்கம்பியில் வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு எங்கோ ஒரு புகைபோக்கியில் போகிறது. புகை இங்கே இல்லை என்பதால் கணக்கும் இங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

அடுத்தது ஏ.சி. நான் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று கோடைக்கு முன் மகள் வீட்டில் ஏ.சி. குளிரவில்லை. மெக்கானிக் வந்து கேஸ் இறங்கிவிட்டது என்று ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த கோடையிலும் அதே கதை, அதே டாப்-அப். ஓட்டையை யாரும் தேடவில்லை. தேட நாலு மணி நேரம் ஆகும், கேஸ் ஏற்ற அரை மணி நேரம். பழைய ஏ.சி.யில் இருக்கும் ஆர்-22 வாயு, நூறு வருடக் கணக்கில், கரியமில வாயுவைப்போல 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது. அரைக் கிலோ கசிந்தால் 900 கிலோவுக்குச் சமம். பெட்ரோலாகச் சொன்னால் ஏறக்குறைய 390 லிட்டர். ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் வருடக்கணக்காக ஓட்டுகிற பெட்ரோல், ஒரு செப்புக்குழாயின் ஊசிமுனை ஓட்டை வழியாகச் சத்தமில்லாமல் போய்விட்டது! இதற்கு மாற்றாக வந்த, இதேபோல் வெப்பம் பிடிக்கிற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. நல்லது. அதுவரைக்கும் மெக்கானிக்கிடம், "கேஸ் ஏத்துறதுக்கு முன்னால ஓட்டைய அடைச்சுத் தாங்க அண்ணே" என்று சொல்ல நமக்கு எந்த ஒப்பந்தமும் வேண்டாம்.

பிறகு குப்பை. சாலையில் தினமும் மிஞ்சும் முட்டைக்கோஸ் இலை, வாழைத்தண்டு, அழுகிய தக்காளி எல்லாம் ஒரு காலத்தில் லாரியேறி விளப்பில்சாலைக்குப் போகும். அங்கே 2000-ல் தொடங்கிய குப்பை ஆலையின் நாற்றமும் கசிவும் தாங்காமல் ஊர்க்காரர்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்து அதைப் பூட்டியது. நியாயமான பூட்டு. நகரத்தின் அழுகலை ஒரு கிராமத்தின் கிணற்றில் கொட்ட யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பூட்டுக்குப் பிறகுதான் ஈரக்குப்பை எப்படி அழுகுகிறது என்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. காற்றுப் புகாமல் மூடிக் குவித்தால் அதில் மீத்தேன் உண்டாகும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு, இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு வெப்பம் பிடிப்பது. காற்றோட்டமாக அழுகவிட்டால் மீத்தேன் அதிகம் உண்டாகாது. இந்த நகரத்தில் பல இடத்தில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்களே, சருகு ஒரு அடுக்கு, சாணக்கரைசல், ஈரக்குப்பை ஒரு அடுக்கு என்று, அதுதான் அந்த வழி. தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணையில் உருவானதால் அதற்குத் தும்பூர்முழி என்றே பெயர். மூன்று மாதத்தில் உரம்.

வள்ளம் வந்த பார்வதி புத்தனாறோ இன்று பல இடங்களில் நகராத கருப்புத் தண்ணீர். வள்ளக்கடவுப் பக்கம் போனபோது பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். குமிழி வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. அடியில் அழுகுவது மேலே வருகிறது. டீசல் எரியாமல் சரக்கு வந்த வழி அது.

அடுத்தது கட்டடம். சாலையிலேயே பாத்திரக்கடை வைத்திருந்து இந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021 ஜனவரியில் காலமானார். அவருடைய 'புனலும் மணலும்' நாவல் ஆற்று மணல் அள்ளிப் பிழைப்பவர்களைப் பற்றியது. கட்டடம் என்றாலே எனக்கு அந்த நாவல் ஞாபகம் வரும். ஆறுகளைச் சுரண்டி எடுத்த அந்த மணலோடு சேர்ந்தது சிமெண்ட். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது, எரிக்கும் நிலக்கரியிலிருந்து ஒரு பங்கு வாயு, கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த வாயு இன்னொரு பங்கு. ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 30 கிலோ. 2011 ஜனக்கணக்கெடுப்பில் கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டில் வியர்வை சிந்தியவர்கள் கட்டிய வீடுகள், அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் யாரும் குடியேறாத அறைக்காக எரிந்த கரியை நினைத்தால் மனம் கனக்கிறது.

வயலும் மாடும் தனிக்கதை. தேங்கிய நீரில் நிற்கும் நெல்வயல் மீத்தேன் விடும், அசைபோடும் மாடு விடும். 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையுமாக முப்பது கோடி. அதை வைத்துக் குடியானவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் பேச்சை நான் கேட்பதில்லை. சோறும் பாலும் வயிற்றுக்கு வேண்டியவை.

இந்த இடத்தில் எங்கள் முதலாளி கேட்டது நியாயமான கேள்வி. "அமெரிக்காக்காரன் விட்ட புகைக்கு நாம எதுக்குப் பாரம் சுமக்கணும்?" உண்மைதான். ஒரு அமெரிக்கரின் பங்கு வருடத்துக்கு 14 டன் கரியமில வாயு, உலகச் சராசரி ஐந்துக்குச் சற்றுக் குறைவு, இந்தியரின் சராசரி இரண்டு டன். சேர்த்துப் பார்த்தால் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது என்பதும் உண்மை. அவரிடம் நான் சொன்னேன்: "அண்ணாச்சி, அந்த ரெண்டு டன் சராசரிதான. நம்ம மண்டியில மூட்டை தூக்குறவருக்கு ரெண்டு டன் வருமா? பஸ்ஸுல வாறாரு, வீட்டுல ஒரு ஃபேன். அவருக்கு வராத பங்கு வேற யாரு பேர்லயோ ஏறியிருக்கு." அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள பாக்கி ஒன்று; நமக்கும் சுமட்டுத் தொழிலாளிக்கும் உள்ள பாக்கி இன்னொன்று. முதல் பாக்கியைக் காட்டி இரண்டாவதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பது அப்படிப்பட்ட உழைப்பாளிகள்தான். 2017 நவம்பர் 30-ம் தேதி ஓகிப் புயல் வந்தது. சில மணி நேரத்தில் வலுத்துப் புயலாகிவிட்டது. கடலுக்குப் போயிருந்த பூந்துறை, விழிஞ்ஞம், குமரிக் கடற்கரை ஆட்களில் பலர் திரும்பவில்லை. சூடேறிய கடல் புயலுக்குத் தீனி. அரபிக்கடல் சூடேறிக்கொண்டிருப்பது அளந்து பார்த்த விஷயம். அன்றைக்குக் கடற்கரையில் பெண்கள் நின்ற நிலையை நான் நேரில் பார்த்தேன். அதை எழுத எனக்குக் கை வராது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அந்த வருடம் உலகத்தின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி கூடிவிட்டது என்று அளந்தார்கள். எங்கள் குடோனில் அந்த மாதம் மூட்டை தூக்கியவர்கள் பதினொரு மணிக்கே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "வய்யா, சேட்டா" என்று மட்டும் சொன்னார். முடியவில்லை என்று அர்த்தம். முப்பது வருடமாகச் சுமக்கிறவர்.

என்ன செய்யலாம் என்று பேத்தி அவளுடைய சார்ட்டில் மரம் வரைந்து பச்சை அடித்திருந்தாள். மரம் நடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது சரக்கும் வாடகையும், அதிலிருந்து சொல்கிறேன். இறக்குவதற்காக வரிசையில் நிற்கும் வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கிற கார் நகராமலே மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும். ஓணக்காலத்தில் பக்கத்து அட்டக்குளங்கரையில் அப்படி எத்தனை நிற்கிறது! 2022 முதல் நகரத்தில் மின்சார பஸ் ஓடுகிறது, கிழக்கே கோட்டையில் இறங்கினால் சாலை நடக்கிற தூரம். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆறாலுமூட்டில் இருக்கும் அரசு ஆலையில் 2019-ல் மின்சார ஆட்டோ செய்யத் தொடங்கினார்கள். எங்கள் தெருவிலும் மின்சாரப் பெட்டி ஆட்டோக்கள் வந்திருக்கின்றன. அதில் ஒரு டிரைவர் தம்பியிடம் கணக்கு கேட்டேன். எட்டு யூனிட் ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்றார். மின்கம்பியில் வரும் மின்சாரமாகவே வைத்தாலும் 5 கிலோ 600 கிராம். அதே எண்பது கிலோமீட்டருக்கு டீசல் பெட்டி ஆட்டோ எட்டரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கூரையில் சோலார் வைத்தவர் வீட்டில் சார்ஜ் போட்டால் ஓட்டத்துக்கான கணக்கு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய்விடும்.

பட்டத்து வாடிக்கைக்காரரிடம் அந்த லிட்டர் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டலாமா என்று இரண்டு வருடம் தயங்கினேன். வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சா என்று முதலாளி நினைத்துவிடக்கூடாதே. போன ஓணத்துக்குக் காட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். இந்த வருடம் ஃபோன் வந்தது. அவருடைய ரெசிடென்ஸ் அசோசியேஷனில் ஆறு வீட்டுக்குச் சேர்த்து ஆர்டர். யார் யாருக்கு எத்தனை கிலோ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெங்காயம், உள்ளி, வற்றல்.

பேத்தி என் சிட்டையில் வலது ஓரம் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுத் தந்திருக்கிறாள். அன்றைக்கு அதில் எழுதியது: பட்டம், ஆறு வீடு, 54 கிலோ, மின்சாரப் பெட்டி ஆட்டோ ஒரு நடை, ஒன்றேகால் யூனிட்.